பங்குக் கறி ஆறு கிலோ: குழம்பு, வறுவல் தாண்டி வீட்டில் என்ன செய்யலாம்?

காரிமங்கலம் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு செம்மறிக் குட்டியை வாங்கி, அடித்துப் பங்கு போடப் போகிறார்கள். இவர்கள் பங்குக்கு ஐந்து, ஆறு கிலோ வரும். வீட்டில் எப்போதும் ஒரு குழம்பு, ஒரு வறுவல், அதோடு சரி. பிள்ளைகள் இரண்டு பேர் காரம் தாங்க மாட்டார்கள். மாமனாருக்குப் பல் கிடையாது, களி இல்லாவிட்டால் சாப்பாடே இறங்காது. "ஒரே ருசியாக இல்லாமல் ஒரு வாரத்துக்கு எப்படிச் சமைப்பது?" என்கிறார்.

பாக்கெட் பாக்கெட்டாக மசாலாப் பொடி வாங்கி அடுக்க வேண்டாம். பொடியை மாற்றினால் வாசனை மாறும், சாப்பாடு மாறாது. ஆட்டின் எந்தப் பாகம், அதற்கு எது துணை (களியா, பிதுக்கம் பருப்பா, மாங்காயா), புளிப்பு எங்கிருந்து வருகிறது, இந்த மூன்றையும் மாற்றிப் பாருங்கள். ஒரே கொத்தமல்லி, மிளகாய், சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டே ஏழு நாளும் ஏழு சாப்பாடு வரும். குட்டிக் கறிக்கு இது இன்னும் பொருந்தும். அதன் ருசியே மென்மையானது. பட்டை, கிராம்பை அள்ளிப் போட்டால் கறி எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

குட்டி வாங்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பால்பல்லாகவே இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்டது என்று நம்பலாம். முன்னால் இரண்டு பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் ஒரு வயதைத் தாண்டிவிட்டது. கறி மோசமில்லை, வேகும் நேரம்தான் கூடும். நல்லம்பள்ளியில் செவ்வாய், குந்தாரப்பள்ளியில் வெள்ளி, போச்சம்பள்ளியில் ஞாயிறு என்று நம் பக்கம் சந்தைக்குக் குறைவில்லை. அங்கே வரும் செம்மறியில் செந்நிறமாக, கம்பளி இல்லாமல் குட்டை முடியோடு இருப்பது மேச்சேரி இனம். கறிக்கென்றே வளர்ப்பது, நம்பி வாங்கலாம். கறுப்பாக உயரமாக நிற்கும் சேலம் கருப்பு, வெள்ளாடு. அதன் கறியில் கொழுப்பு குறைவு, நார் அதிகம், வேக வைக்கும் கணக்கும் வேறு. இங்கே நான் சொல்வதெல்லாம் செம்மறிக் குட்டிக்கு. உயிரோடு 22 கிலோ இருந்தால் எலும்போடு பத்து, பதினோரு கிலோ கறி தேறும். தலை, கால், குடல், ஈரல், ரத்தம் எல்லாம் தனிக் கணக்கு. பங்கு போடும்போது இவற்றை யாருக்கு எது என்று முன்னாலேயே பேசிக்கொள்வது நல்லது. சண்டை வருவதெல்லாம் ஈரலில்தான்.

அடித்த அன்று தொடைக்கறியைத் தொடாதீர்கள். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கும். அந்த நேரத்தில் சமைத்தால் இளங்குட்டிகூட ரப்பராக இருக்கும். வந்ததும் வராததுமாக ஃப்ரீசரில் திணிப்பதும் தப்பு. விறைப்பதற்கு முன்பே உறைந்த கறி, பிறகு உருகும்போது சுருங்கி, நீரை எல்லாம் கக்கிவிடும். பெரிய துண்டுகளைக் கழுவாமல், மூடி போட்ட பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை அரை அரைக் கிலோவாகப் பிரித்துத் தட்டையாக அழுத்தி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். உருக வைப்பதும் ஃப்ரிட்ஜுக்குள்தான், சமையல் மேடையில் அல்ல. ஒருமுறை உருகியதைப் பச்சையாக மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

அப்படியானால் முதல் நாள் என்ன சாப்பிடுவது? ரத்தம், ஈரல், குடல். இவை காத்திருக்காது.

ரத்தம் உறைந்ததும் கொதிநீரில் முழுதாக வேகவிட்டு, ஆறியதும் உதிர்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்தைவிட வெங்காயம் அதிகமாக இருக்க வேண்டும், அதுதான் சூத்திரம். பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் ஒரு கை தேங்காய்த் துருவல். ஈரலுக்கு நேரம்தான் முக்கியம். பெருவிரல் அளவு துண்டு போட்டு, சின்ன வெங்காயம் வதங்கியதும் சேர்த்து, மிளகுத்தூள் தூவி ஆறேழு நிமிடம். நடுவில் சிவப்பு மறைந்ததும் உப்புப் போட்டு இறக்கிவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் சாக்பீஸ் மாதிரி ஆகிவிடும். சுவரொட்டி (மண்ணீரல்) கிடைத்தால் அதைத் தணலில் வாட்டி மாமனாருக்குக் கொடுங்கள், பல் இல்லாமலே சாப்பிடலாம்.

குடலைக் கடைக்காரர் சுத்தம் செய்து கொடுத்தாலும் வீட்டில் இன்னொரு முறை செய்ய வேண்டும். வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, மஞ்சள், கல் உப்புப் போட்டுக் கசக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். காய்ந்த மொச்சையை முந்தின நாள் இரவே ஊறப் போட்டு வைத்திருந்தால் குடலோடு சேர்த்துக் குக்கரில் விடலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். குடல் குழம்புக்கு மட்டும் நான் மசாலாவில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன். சோம்பு, பூண்டு, மிளகு எல்லாம் தாராளமாக.

இனி களிக்கான குழம்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலும் சொதப்புவது இதில்தான். ஓட்டல் கிரேவி மாதிரி கெட்டியாக, எண்ணெய் மிதக்க வைத்துவிட்டு, களிக்குச் சேரவில்லை என்பார்கள். களியை மென்று சாப்பிடுவதில்லை. கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். அதனால் குழம்பு நீர்க்க இருக்க வேண்டும், சுடச்சுட இருக்க வேண்டும், உப்பும் காரமும் அரைப்பங்கு தூக்கலாக இருக்க வேண்டும். களியில் உப்பு இல்லையே.

இதற்குக் கழுத்து, விலா, நெஞ்செலும்பு. தொடைக்கறியைப் போட்டு வீணாக்க வேண்டாம். எலும்பும் ஜவ்வும் உள்ள பாகத்தில்தான் சாறு இறங்கும். அந்த ஜவ்வு மெல்ல மெல்லக் கரைந்துதான் நீர்த்த குழம்புக்கே ஒரு வழுவழுப்பு வருகிறது. ஒரு கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், இரண்டு நாட்டுத் தக்காளி. வறுத்து அரைக்க மூன்று மேசைக்கரண்டி கொத்தமல்லி, எட்டு காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, அதே அளவு சீரகம், பூண்டு பத்துப் பல், விரல் நீள இஞ்சி, சின்னத் துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, கால் மூடித் தேங்காய். வெங்காயத்தில் பாதியை எண்ணெயில் சுருள வதக்கி இதோடு அரைத்துவிடுங்கள், மீதிப் பாதி தாளிக்க. கடலை எண்ணெய்தான் இதற்குச் சேர்த்தி.

கறியை மஞ்சள், உப்போடு வெங்காயத்தில் புரட்டி அதன் தண்ணீர் வற்றும்வரை வதக்குங்கள். பச்சை வாடை போவது இங்கேதான். அப்புறம் அரைத்த மசாலா, தக்காளி, ஒன்றரை லிட்டர் வெந்நீர். குக்கர் என்றால் முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துப் பத்து நிமிடம் போதும், ஆடு முற்றல் என்றால் இருபது. எனக்கு நேரம் இருந்தால் குக்கரைத் தொட மாட்டேன். கனமான பாத்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்ட குழம்பின் தெளிவு குக்கரில் வராது. மாமனாருக்கு எலும்போடு ஒட்டிய கழுத்துக் கறியை எடுத்து வையுங்கள். விரலால் தொட்டாலே உதிரும்.

களிக்கு ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், ஒரு கை நொய்யரிசி. நொய் தண்ணீரில் குழைந்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், களிக்கட்டையால் ஒரு குழி மட்டும் போட்டு மூடி, சிறுதீயில் ஏழெட்டு நிமிடம் விடுங்கள். மாவின் அடிவரை ஆவி ஏறியதும், தண்ணீர் அதிகமாகத் தெரிந்தால் ஒரு கிண்ணம் வடித்து வைத்துக்கொண்டு, பிறகு விடாமல் கிளற வேண்டும். வேண்டுமானால் வடித்ததைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

மார்கழி, தையில் உங்கள் ஆடு அடிக்கும் நாள் வந்தால் பிதுக்கம் பருப்பை விட்டுவிடாதீர்கள். பச்சை அவரைக்கொட்டையை இரவு ஊறவைத்துக் காலையில் தோலைப் பிதுக்கி எடுக்கும் வேலைக்கு வீட்டில் எல்லாரையும் உட்கார வையுங்கள், பிள்ளைகள் உட்பட. இதற்குக் காய்ந்த மிளகாய் வேண்டாம். பச்சை மிளகாய், ஒரு கட்டுக் கொத்தமல்லித் தழை, தேங்காய், பூண்டு, கொஞ்சம் சோம்பு, அவ்வளவுதான் அரைப்பு. சப்பைக் கறியை முக்கால் பதம் வேகவைத்த பிறகுதான் பருப்பைச் சேர்க்க வேண்டும், பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். கறியோடு சேர்த்துக் குக்கரில் போட்டால் கூழாகிவிடும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக் கன்னட வீடுகளில் அவரைக்காலம் முழுக்க இந்தக் கொட்டையைப் போட்டுத்தான் சாறு, கூடவே முத்தே (கேழ்வரகுக் களி) உருண்டை. சோற்றுக்கும் நன்றாக இருக்கும், ஆனால் களிக்கு இணையில்லை.

கோடையில் அடிக்கிறீர்களா? அப்போது மாங்காய். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கறிக்குழம்புக்குப் புளி கரைப்பது எனக்கு ஒப்பாது. பக்கத்து மாவட்டம் என்றாலும் காரிமங்கலத்துக்கும் அந்தக் காய் வராமலா இருக்கும்? கூழுக்குப் போகும் பெங்களூரா காயில் புளிப்பு மிதமாக இருக்கும், சதை கெட்டி, குழம்பில் கரையாது. அதையே எடுங்கள். நாட்டு மாங்காய் என்றால் பாதி அளவு போதும். கறி வெந்த பிறகு தோலோடு பெரிய துண்டாகப் போட்டு ஏழெட்டு நிமிடம். தக்காளியை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள், இரண்டு புளிப்பும் மோதக்கூடாது.

இதே மாங்காயும் கத்திரிக்காயும் சேர்ந்தால் தால்ச்சா. நம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் பக்கத்தில் வருவது. கறி எடுத்த வெறும் எலும்பு போதும் இதற்கு. கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் எலும்போடு வேகட்டும். பருப்பு முழுக்க மலர்ந்த பிறகே புளிப்பு எதுவும் சேர்க்க வேண்டும், முன்னாலேயே சேர்த்தால் பருப்பு விறைத்துக்கொண்டு வேகாது. பிள்ளைகளுக்கு இந்த ருசி பிடிக்கும், காரமும் குறைவு.

கைமாவுக்கு ஒரு கிலோ ஒதுக்குங்கள். சப்பையும் கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக் கொத்தச் சொல்ல வேண்டும். வெறும் சிவப்புக் கறியைக் கொத்தினால் உருண்டை வறண்டு போகும். அன்றே சமைத்துவிட வேண்டும், கொத்திய கறி சீக்கிரம் கெடும். பாதியைப் பச்சைப் பட்டாணியோடு சுருள வதக்கி வைத்தால் சப்பாத்திக்கு ஒரு நாள், தோசைக்குள் வைத்து இன்னொரு நாள். மீதியில் உருண்டை: பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி, பொடியாக நறுக்கிய வெங்காயம், சோம்பு, உப்புப் போட்டுப் பிசைந்து எலுமிச்சை அளவு பிடியுங்கள். தளதளவென்று கொதிக்கும் குழம்பில் ஒவ்வொன்றாக விட்டு, ஐந்து நிமிடம் கரண்டியே போடக்கூடாது. தானே இறுகி மிதக்கும். உடைகிறது என்றால் குழம்பு போதுமான அளவு கொதிக்கவில்லை என்று பொருள். மாமனாருக்கும் இது ஆகும்.

காரம் இல்லாத இன்னொன்று வெள்ளை ஸ்டூ. ஓசூர் பக்கத்து கேரட், உருளை, பீன்ஸ், எலும்போடு சேர்ந்த விலாக் கறி, பச்சை மிளகாய் கீறியது, மிளகு, இறக்கும்போது தேங்காய்ப் பால். பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிட வேண்டாம். ஆப்பம், இடியாப்பம், எதுவும் இல்லையென்றால் ரொட்டி.

பிரியாணி எல்லாருக்கும் தெரியும், நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஒன்றே ஒன்று: நம் மலைப்பக்கத்துச் சாமை அரிசியில் செய்து பாருங்கள். பென்னாகரம், சித்தேரி மலைப் பக்கம் விளைவது. கறியை மசாலாவோடு தனியாக முழுக்க வேகவைத்துவிட வேண்டும், ஏனென்றால் சாமை பதினைந்து நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு கறிச்சாறு. தயிரைக் குறைத்து, புதினாவைக் கூட்டுங்கள். சீரகச் சம்பா மாதிரி தனித்தனிப் பருக்கையாக நிற்காது, ஆனால் சாற்றைக் குடித்துக்கொள்வதில் சாமையை அடிக்க முடியாது.

தொடை. இதுதான் உங்கள் பங்கிலேயே நல்ல துண்டு, ஆளுக்கு ஆள் வறுவல் போட்டுத் தீர்ப்பதும் இதைத்தான். பாதியில் உப்புக்கறி செய்யுங்கள். சிறு துண்டு, நிறையச் சின்ன வெங்காயம், விதை தட்டிய காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு, கடலை எண்ணெய். அரைப்பு கிடையாது, பொடி கிடையாது. மூடி போட்டுக் கறி விடும் தண்ணீரிலேயே முக்கால் மணி நேரம், தேவைப்பட்டால் கை கையாகத் தெளித்து. கடைசியில் மூடியை எடுத்து எண்ணெய் பிரியும்வரை. குட்டிக் கறியின் உண்மையான ருசி எதில் தெரிகிறது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

மறு பாதியை விருந்தாளி வரும் நாளுக்கு எலும்போடு முழுசாக வையுங்கள். கத்தியால் ஆழமாகக் குத்திக் குத்திப் பூண்டுப் பல்லைச் செருகி, தயிர், மிளகு, உப்பு, ஒரு எலுமிச்சம்பழம் தடவி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். மறுநாள் அடிகனமான பாத்திரத்தில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், வெங்காயத் துண்டுகள் போட்டு இறுக்கி மூடி, சிறுதீயில் இரண்டு மணி நேரம், நடுவில் இரண்டு முறை திருப்பி. ஓவன் தேவையில்லை. எடுத்ததும் வெட்டாமல் கால் மணி நேரம் வைத்தால் சாறு உள்ளேயே நிற்கும்.

செம்மறிக் கறியில் ஒரு வாடை இருக்கும், சிலருக்கு ஆகாது. அது பெரும்பாலும் கொழுப்பிலிருந்து வருவது. மேலே போர்த்திய வெள்ளைக் கொழுப்பை வழித்து எடுத்தாலே முக்கால்வாசி போய்விடும். முழுவதையும் எடுக்க வேண்டாம், ருசியும் அதில்தான் இருக்கிறது. இந்தக் கொழுப்பு ஆறினால் உடனே கட்டி அண்ணத்தில் ஒட்டும். செம்மறிச் சமையல் எதுவாக இருந்தாலும் சூடாகப் பரிமாறுவது அதற்காகத்தான்.

தலையும் காலும் தீயில் வாட்டிச் சுரண்டியதா என்று பார்த்து வாங்குங்கள். வெந்நீரில் உரித்த காலில் அந்தப் புகை வாசனை இருக்காது. கால் பாயாவை இரவே குக்கரில் அரைமணி நேரம் விட்டு, காலையில் மேலே படிந்த கொழுப்பை எடுத்துவிட்டுத் தாளியுங்கள். ராத்திரி ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், அடுப்பு மேலேயே விட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. தலைக்கறிக்கு மிளகு தூக்கல், தேங்காய் வேண்டாம்.

அதற்குப் பிறகும் கறி மீந்தால், மாசி, பங்குனி வெயில் என்றால், உப்புக்கண்டம். கொழுப்பில்லாத தொடைக்கறியை விரல் கனத்துக்கும் மெல்லிய நாடாவாக அறுத்து, கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டி கல் உப்புப் பொடித்து, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு விழுது தடவி ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, ஊசி நூலில் கோத்து, ஈ அண்டாமல் மெல்லிய துணி போர்த்தி நல்ல வெயிலில் கட்டுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். வளைத்தால் ஒடிகிற அளவுக்குக் காய வேண்டும், நடுவில் மெத்தென்று இருந்தால் காயவில்லை. மூடாப்பு போடும் நாட்களில் இந்த வேலையையே தொடாதீர்கள், நாறிப்போகும். சமைக்கும்போது வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அம்மியில் தட்டி, எண்ணெயில் முறுக வறுத்து, கொள்ளு ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். மாமனாருக்கு மட்டும் இது ஆகாது, அவருக்கு அதையே தட்டி நூலாகப் பிய்த்துக் கொள்ளுக் கடைசலில் போட்டுக் கொதிக்கவிட்டுக் கொடுங்கள்.